அபிஷேகப் பாலும் ஆபரேஷன் தேதியும்

எனக்கு உட்கார்ந்து வேலை பார்க்கத் தெரியாது. தாதி வேலைக்குப் போனதே அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. நடந்துகொண்டே சம்பளம் வாங்கலாம். தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் நடந்த நடையெல்லாம் ஒரு சின்ன அரசாங்க மருத்துவமனையின் சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. மலேசியாவில் மெர்லிமாவுக்கும் பெம்பானுக்கும் நடுவே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு சற்று விலகி நின்று மூச்சு வாங்கும் இடத்தில் அந்த மருத்துவமனை இருந்தது. மழை பெய்தால் வார்டுக்குள்ளும் மண்வாசனை வரும். வெயில் அடித்தால் கூரைத் தகரம் முறுக்கு நொறுங்குவதுபோல் சத்தம் போடும்.

அங்கே ஓர் ஆபரேஷன் அறை உண்டு. ஒன்றே ஒன்று. புதன்கிழமைகளில் மட்டும் மலாக்கா டவுனிலிருந்து அறுவைச் சிகிச்சை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே காரில் வந்து இறங்குவார்கள். மற்ற நாளெல்லாம் நெற்றியில் ஒற்றை விளக்கோடு தூங்கும் அந்த அறை, புதன்கிழமை மட்டும் கண் திறக்கும். சுற்றியிருக்கும் தோட்டங்களுக்கெல்லாம் அந்தப் புதன்கிழமை ஒரு சொத்து. அதை விட்டால் டவுனுக்குத்தான் போக வேண்டும். அங்கே தேதி கிடைப்பதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.

அப்படி ஒரு புதன்கிழமையில்தான் அந்த அண்ணன் எனக்கு அறிமுகமானார். செம்பனை வெட்டுபவர். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, மர உச்சியையே பார்த்து வாழ்ந்தவர். அதனால் கழுத்து எப்போதும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். யாரோடு பேசினாலும் அவர்கள் தலைக்கு மேலே குலை பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருக்கும். அவருக்கு அடிவயிற்றில் குடல் இறங்கியிருந்தது. கோழி முட்டை அளவுக்குப் புடைப்பு. குலையைத் தூக்கினால் உயிர் போகிற வலி. தோட்டத்தில் புல் வெட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

புல் வெட்டுவது அவருக்கு அவமானம். ஆனால் பயம் வேறு. அவர் குடியிருந்தது வெட்டுக்காரர்களுக்குக் கொடுத்த வீடு. கடலுக்கு அப்பாலிருந்து புது வெட்டுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: தீபாவளி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் வெட்டுக்குத் திரும்பாவிட்டால் வீட்டைக் காலி பண்ணித்தான் ஆக வேண்டும். ஆபரேஷன் முடிந்தாலும் உடனே பாரம் தூக்கிவிட முடியாது. தையல் ஆறி, உள்ளே இறுகி, டாக்டர் தலையாட்டச் சில மாதங்கள் ஆகும். ஆக அவருடைய வீடு அந்த ஒரு புதன்கிழமையின் மேல் நின்றது.

முதல் புதன்கிழமை அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தோம். முப்பது அடி உயரத்து மரத்தை அசராமல் பார்க்கிற மனிதர், எங்கள் விளக்கைப் பார்த்ததும் வெளிறிப்போனார். வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வாந்தி. சட்டென்று ஒருக்களித்துத் திருப்பினோம். வந்தது வெள்ளை வெளேரென்று இருந்தது.

மயக்க மருந்து டாக்டர் குனிந்து பார்த்தார். வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. மயக்கத்தில் இருக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கேன்சல்லா."

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி," என்றார் அண்ணன், வாயைத் துடைத்துக்கொண்டு. எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "ராத்திரியோட சரி. பச்சத் தண்ணி பல்லுல படல."

யாரும் நம்பவில்லை. எஸ்டேட் ஆட்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது என்று நடைபாதையில் ஒரு குரல் போனது. எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான். சீருடையின் வெள்ளையில் அது யாருக்கும் தெரிவதில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் மருத்துவமனை முதன்முதலாகத் தேசியத் தர மதிப்பீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தது. எங்கள் தலைமைத் தாதியான மேட்ரனின் மேசையில் ஒரு தடித்த புத்தகம் வந்து உட்கார்ந்தது. அடுப்படியிலிருந்து பிணவறை வரைக்கும் ஒரு மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மருந்துக் குளிர்பெட்டி எவ்வளவு குளிர வேண்டும், தீயணைப்பு உருளையின் அழுத்த முள் எங்கே நிற்க வேண்டும், கூட்டுகிறவர் கையை எப்படிக் கழுவ வேண்டும். கோலாலம்பூரிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவார்கள், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், கேட்பார்கள் என்றார்கள். தேறாவிட்டால் ஆபரேஷன் அறையை மூடி, புதன்கிழமையை டவுனுக்கே மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது.

மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். "அன்றைக்கன்று கேன்சல் ஆகிற ஆபரேஷன்களைப் பற்றி இதில் ஒரு தரம் இருக்கிறது. ஆயிற்று என்று சொன்னால் போதாதாம். ஏன் ஆயிற்று, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களாம். நீதான் ஓரிடத்தில் நிற்காதவளாயிற்றே, போய்க் கண்டுபிடி."

சின்னச் சொல்தான் அந்த 'ஏன்'. அதுவரைக்கும் எங்களிடம் பதில்கள்தான் இருந்தன: சொன்னால் கேட்க மாட்டார்கள், படிக்கவில்லை, அலட்சியம். அந்தப் புத்தகம் வந்து எங்கள் பதில்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கேள்வியை முன்னால் இழுத்துப்போட்டது. எனக்கு அது பிடித்துவிட்டது. நடக்கிறவளுக்கு ஒரு திசை கிடைத்த மாதிரி.

அண்ணனுக்கு இரண்டாவது தேதி வந்தது. வார்டில் கட்டில் பற்றாக்குறை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அன்று காலை நேராக வந்தால் போதும் என்பது வழக்கம். நான் முடிவு பண்ணினேன்: இந்தத் தடவை நானே போய் அவரைக் கையோடு கூட்டிவருவேன். என் கண் மறைவில் ஒரு வாய்கூடச் சாப்பிட விடமாட்டேன்.

பனி இறங்கிக்கொண்டிருந்த விடியற்காலை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துச் செம்மண் சாலையில் போனேன். இரண்டு பக்கமும் செம்பனை ஓலைகள் நனைந்து தொங்கின. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், "கோயிலுக்குப் போயிருக்காங்க. இன்னிக்கு அவங்க உபயம்லா," என்றார்கள்.

மாரியம்மன் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நல்ல காரியத்துக்கோ ஆபத்துக்கோ போகிறவர்கள் அன்று காலை ஒரு பாலாபிஷேகம் செய்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஆபரேஷன் இரண்டிலும் சேர்த்தி. அம்மன் தலையிலிருந்து பால் வெள்ளை வெள்ளையாக வழிந்து இறங்கியது. கற்பூரம், ஈரக் கல், சாமந்தி. நான் வந்த வேலையை மறந்து கைகூப்பினேன். அண்ணனும் அவர் மனைவியும் முன்வரிசையில் தலை ஈரத்தோடு நின்றார்கள். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

தீபாராதனை முடிந்தது. பூசாரி செம்போடு வந்தார். உபயக்காரர் என்பதால் அண்ணனுக்கு ஒரு டம்ளர் நிறைய. அவர் கண்ணில் ஒற்றிக் குடித்தார். அண்ணிக்குக் கை நிறைய. பிறகு என் முன்னால் செம்பு சாய்ந்தது. நான் வலது கையைக் குழித்து நீட்டினேன், குடித்தேன், ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டேன்.

"கிளம்பலாமா அண்ணே? ஒண்ணும் சாப்பிடலியே?"

"என்ன மிஸ்ஸி, உங்க கண்ணு முன்னாலதானே நிக்கிறேன். பசியாறவே இல்ல."

"சரி, வாங்க."

அவர்கள் தங்கள் மோட்டாரில் முன்னால் போக, நான் பின்னால் போனேன். எனக்கு ஒரே பெருமை. பெரிய சாலை முச்சந்தியில் வேகம் குறைக்கும்போது என் உள்ளங்கை கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. திருப்பினேன், பிசுபிசுத்தது. என்ன இது என்று கையைப் பார்த்தேன். பால். தேன் கலந்த அபிஷேகப் பால்.

நடுச்சாலையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மீன்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். ஒரு டம்ளர் பால் என் கண்ணெதிரே ஒரு மனிதரின் தொண்டைக்குள் இறங்கியது; நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சாப்பிடவில்லையே என்று நானே கேட்டேன், இல்லை என்றார், நானே நம்பினேன். அவரும் பொய் சொல்லவில்லை, நானும் பொய்யாக நம்பவில்லை. எங்கள் இருவர் கணக்கிலும் அது உணவே இல்லை. அது சாமி. சாமியை யாராவது சாப்பிட்டேன் என்று சொல்வார்களா?

அன்றைய ஆபரேஷனை நானே நிறுத்தச் சொன்னேன். வேறு வழியில்லை. அண்ணன் தள்ளுவண்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அது சாமிப் பாலு மிஸ்ஸி! அதப் போயி சாப்பாட்டுல சேக்கிறீங்க?"

"பாலுதானேண்ணே..."

"அப்ப நீங்களும்தானே குடிச்சீங்க! நான் பட்டினி இல்லைன்னா, மிஸ்ஸி கோயில்ல பசியாறிட்டு டூட்டிக்கு வந்தாங்கன்னு எழுதிக்குங்க!"

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனின் கோபம் இறங்கியதும் அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு மாசம் போச்சு." அந்த மூன்று சொற்களின் சத்தம் என் காதில் தகரக்கூரை மாதிரி இருந்தது.

பிறகு எங்கே கேட்டாலும் பதில் கிடைத்தது. ஏனென்றால் இப்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதை விட்டேன். "கோயிலுக்குப் போனீங்களா? அங்க என்ன குடுத்தாங்க?" என்று கேட்டேன். முன்பு ஆபரேஷன் நடக்காமல் திரும்பிப்போன தோட்டத்து முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன: ஒருவருக்குப் பால், ஒருவருக்கு இளநீர், ஒருவருக்குத் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும். எங்கள் வார்டின் மலாய் சிஸ்டர் இதைக் கேட்டுச் சிரித்தவர், சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "எங்க வீட்டிலும் குர்ஆன் ஓதின தண்ணீர் கொடுப்போம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது ஒரு கிளாஸ். அதையும் யாரும் கேட்டதில்லை," என்றார்.

மதிப்பீட்டாளர்கள் வரும் தேதி வந்து சேர்ந்தது. ஒரு புதன்கிழமை. அன்றைய ஆபரேஷனில் முதல் பெயர் அண்ணனுடையது. இதுவும் தப்பினால் தீபாவளிக்குள் அவர் மரத்தடிக்குத் திரும்ப வழியே இல்லை.

முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி பகலில் எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்ப்பவர், வாதாடுவதிலும் கொதிகலன்தான்.

"ஆஸ்பத்திரி வந்து அம்மன் பாலக் குடிக்காதேன்னு சொல்லுதா?"

"குடிக்கட்டும் பூசாரிண்ணே. அன்னிக்குக் காலையில மட்டும் வேணாம்."

"அன்னிக்குத்தானே அம்மன் வேணும்! கத்தி வைக்கிற அன்னிக்கு இல்லாம, தையல் பிரிச்ச அன்னிக்கா?"

அவர் சொன்னது சரி. நான் படித்துவந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மயக்கம், நுரையீரல், மூச்சு. அவர் தலையாட்டிவிட்டு, "அது சாதாரணப் பாலுக்கு," என்றார்.

"அண்ணே, அது சாமிப் பாலுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வயித்துக்குத் தெரியாதுண்ணே. அது இன்னும் அவ்வளவு பக்குவப்படல."

பூசாரி என்னை உற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது மீசையில் தெரிந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை. உபயக்காரர் பாலை வாங்காமல் போனால் அபிஷேகம் முடிந்ததாகாது, யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்.

அதுவரைக்கும் கோலத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். "நான் வாங்குறேன்."

"உன் பங்குதான் தனியா இருக்கே."

"அவரு பங்கையும் நானே குடிக்கிறேன். தாலி கட்டும்போது இவரு பாவ புண்ணியத்துல எனக்குப் பாதின்னு நீங்கதானே மந்திரம் சொன்னீங்க பூசாரிண்ணே? பாவத்தத்தான் இத்தன வருஷமா சொமக்கிறேன். பாலாவது ஒருநாள் எனக்கு வரட்டும்."

அண்ணன், "பாருங்க மிஸ்ஸி, பொழுதுபோனா இந்தப் பேச்சுத்தான்," என்றார். பூசாரி இப்போது அடக்காமல் சிரித்தார். அப்படித்தான் முடிவாயிற்று. பிரார்த்தனையும் அபிஷேகமும் அன்று காலையிலேயே நடக்கும். போகிறவருக்கு நெற்றியில் திருநீறும் கையில் ஒரு பூவும். பால், துணைக்கு வருகிறவருக்கு.

நான் அந்த வாரமே ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் அறிவுரைத் தாளில் தமிழில் ஒரு வரி சேர்த்தேன்: "கோயில் பால், தீர்த்தம், இளநீர் இவையும் வேண்டாம், உங்களுக்காக உடன் வருபவர் வாங்கிக்கொள்ளலாம்." சிஸ்டர் அதற்குக் கீழே ஓதின தண்ணீரைப் பற்றி மலாயில் ஒரு வரி எழுதினார். மேட்ரன் இரண்டையும் படித்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, கையெழுத்துப் போட்டார்.

அந்தப் புதன்கிழமை வந்தது. சுவரெல்லாம் புது வண்ணம். நாங்களும் புது வண்ணம் பூசிய மாதிரிதான் விறைத்து நின்றோம். மதிப்பீட்டாளர்கள் எதையும் விடவில்லை. கதவுக் கீலை ஆட்டிப் பார்த்தார்கள். குளிர்பெட்டியைத் திறந்து கையை உள்ளே வைத்தார்கள். ஆஸ்பத்திரித் தோட்டக்காரரை நிறுத்தி, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று கேட்டார்கள். அவர், "தீ இருக்கிற பக்கம் இல்ல," என்றார். அதுவும் தேறிவிட்டது.

தியேட்டர் பக்கம் வந்தவர் மூத்த அம்மையார் ஒருவர், ஓய்வு பெற்ற மேட்ரன். வாயைத் திறந்ததும் யாழ்ப்பாணத் தமிழ். என் அறிவுரைத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன பிள்ளை இது? கோயில் பால் எண்டு எழுதியிருக்கு. உலகத்தில எந்த ஆஸ்பத்திரியிலயும் இந்த வசனத்தை நான் காணேல்லை."

நடந்ததைச் சொன்னேன்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"நானும் குடிச்சேன் மேடம்."

"நீரும் குடிச்சனீரோ!" அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். ஆனால் மதிப்பீட்டாளர் மதிப்பீட்டாளர்தான். என் கதையை நம்புவது அவர் வேலையில்லை. நேரே தள்ளுவண்டிக்குப் போனார். அண்ணன் நெற்றி நிறையத் திருநீறோடு படுத்திருந்தார், கையில் ஒரு செம்பருத்தி. பக்கத்தில் மயக்க மருந்து டாக்டர். வெளியாட்கள் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணி.

"ஐயா, இண்டைக்குக் காலமை கோயிலுக்குப் போனீங்களோ?"

"போனேம்மா."

"சாமிப் பால் குடிச்சாச்சோ?"

அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "குடிச்சாச்சும்மா! ரெண்டு பங்கு!"

டாக்டரின் கை அப்படியே நின்றது. மேட்ரன் என்னைப் பார்த்தார். மூன்று மாத நடை, பூசாரி, தாள், புதன்கிழமை, அந்த வீடு, எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் ஆடியது.

"நான் இல்லம்மா," என்றார் அண்ணன், கழுத்தைச் சாய்த்து அவர் தலைக்கு மேலே குலையைத் தேடிக்கொண்டு. "அதோ நிக்கிறாளே, என் வீட்டுக்காரி. என் பங்கையும் சேத்துக் குடிச்சிட்டா. நான் வெறும் வயிறு. மூணாவது தடவையும் இந்த மிஸ்ஸிகிட்ட யாரு பேச்சு வாங்குறது?"

கோட்டுக்கு அப்பாலிருந்து அண்ணி வயிற்றைத் தட்டிக் காட்டினார். "எனக்குத்தான்மா இப்ப ஆபரேஷன் பண்ண முடியாது!"

அந்த அம்மையார் சிரித்த சிரிப்பு நடைபாதையின் கடைசி வரைக்கும் போனது. அண்ணன் விளக்கைப் பார்த்தார், வழக்கம்போல் வெளிறினார், வயிறு பிரட்டியது. எல்லோரும் குனிந்தோம். வந்தது ஒரு வெறும் ஏப்பம். மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்து, முதல் தடவையாக அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "ஜோம்," என்றார், போகலாம் என்று. ஆடும் கதவு இரண்டு பக்கமும் திறந்து அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

மருத்துவமனை தேறியது. சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது, நுழைவாயிலில் மாட்டினோம், படமெடுத்தோம், கேக் வெட்டினோம். புதன்கிழமை எங்களிடமே இருந்தது. நாங்கள் நல்லவர்கள் என்பதற்காக அந்தச் சான்றிதழைக் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு மனிதரின் காலைப்பொழுதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அதற்காகத்தான். தரம் என்றால் பளபளக்கிற தரை என்று நினைத்திருந்த எனக்கு, அது பிசுபிசுத்த ஓர் உள்ளங்கை என்று தெரிந்த வருஷம் அது. பிறகு எத்தனையோ மதிப்பீடுகளைப் பார்த்துவிட்டேன். கேள்வி எங்கே தொடங்குகிறது என்று தேடும்போதெல்லாம் என் வலது கை தானாகக் குழிந்துகொள்ளும்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில் அந்தத் தோட்டத்துக்குள் திரும்பினேன். அன்று அண்ணன் மறுபடி வெட்டுக்கு இறங்குகிறார் என்று பூசாரி சொல்லியனுப்பியிருந்தார். கோயிலில் மணி. செம்பு அவர் முன்னால் வந்தது. அவர் டம்ளரை வாங்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடினார்.

"மிஸ்ஸி! இன்னிக்குக் குடிக்கலாம்ல?"

"குடிங்கண்ணே! ரெண்டு பங்கு!"

"ரெண்டா? என் பங்குல கைய வச்சிப் பாருங்க தெரியும்," என்றார் அண்ணி.

அவர் ஒரே மூச்சில் குடித்தார். நானும் கையைக் குழித்து நீட்டி வாங்கிக் குடித்தேன். பிறகு அவர் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களுக்குள் போனார். நான் மோட்டாரைக் கிளப்பாமல் காத்திருந்தேன். இலைகளுக்கு நடுவே அரிவாள் மேலேறுவது தெரிந்தது. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. அப்புறம் தொம்மென்று ஒரு குலை விழுந்தது. அவர் குனிந்தார், இரண்டு கையாலும் அதைத் தூக்கி, வயிற்றோடு அணைத்து, தள்ளுவண்டியில் போட்டார். முகத்தில் வலி இல்லை.

அவருடைய வீட்டுக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. நான் மோட்டாரைக் கிளப்பினேன். கைப்பிடியில் கை ஒட்டியது.